கண் பிரஷர் வீட்டில பாக்கிற மெஷின், அப்பாக்கு வாங்கலாமா?

உவர்மலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாக்கு 68 வயசு. ரெண்டு கண்ணிலயும் குளுக்கோமா (கண் நரம்பு பழுதாகிப் பார்வை குறையிற வருத்தம்) எண்டு கண்டுபிடிச்சு இப்ப கொஞ்ச வருசமா சொட்டு மருந்துதான், இரவில லட்டனோப்ரொஸ்ட், காலமையும் பின்னேரமும் டிமோலோல். கிளினிக் போகேக்க எல்லாம் பிரஷர் 15, 16 எண்டுதான் கொப்பியில எழுதுறாங்க, நல்லா இருக்கு இப்பிடியே விடுங்கோ எண்டு அனுப்பிடுவாங்க. ஆனா போன கிழமை எடுத்த ஃபீல்ட் ரெஸ்ட் (நேரா பாத்துக்கொண்டு சுத்திவர எவ்வளவு தெரியுது எண்டு பாக்கிறது) பேப்பரையும் முந்தி எடுத்ததையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தா எங்களுக்கே விளங்குது கறுப்பு கூடியிருக்கு எண்டு, இடது கண் சரியான மோசம். யோசிச்சுப் பாத்தா அவர் சைக்கிள்ல போகேக்க இடப்பக்கத்தால வாற ஆக்களைக் காணுறதே இல்ல, கோட்டையடியில ஒரு மான் பக்கத்திலயே நிண்டது, அதில முட்டப் பாத்தவர், பிறகு அங்க மான் எங்க நிண்டது எண்டு எங்களைக் கேக்கிறார்.

கனடாவில இருக்கிற மச்சான் சொல்லுறான் வீட்டிலேயே கண் பிரஷர் பாக்கிற மெஷின் இருக்காம், ஐகெயார் ஹோம் எண்டு பேர், வாங்கி ஆரிட்டயும் குடுத்து விடவா எண்டு. எங்கட காசுக்கு லட்சக்கணக்கில வருது. பிரஷர் நல்லா இருந்தும் பார்வை குறையுது எண்டா கிளினிக்ல பிடிபடாத ஏதோ நடக்குது தானே? ஆராவது பாவிச்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ, வாங்கலாமா வேண்டாமா.

கிண்ணியா மச்சான்:
நம்மட வாப்பாக்கும் இதே வருத்தம்தான். எங்கட வீட்ட கையில கட்டிப் பாக்கிற பிரஷர் மெஷின் ஒண்டு இருக்கு, அதால பாக்க ஏலாதா? கேக்கிறது பிழையெண்டா மன்னிக்கோணும்.

லென்ஸ்கடை:
தம்பி அது வேற இது வேற. கையில கட்டுறது ரத்த அழுத்தம். கண் பிரஷர் எண்டுறது கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளியால வடியிறதில வாற சங்கதி, முகத்துவாரத்தில மண் அடைச்சா களப்பில தண்ணி ஏறுற மாதிரி. ரத்த பிரஷர் 120 எண்டு நல்லா இருக்கிற ஆளுக்கு கண் பிரஷர் 30 இருக்கலாம். ஆனா ஒண்டு, ரத்த பிரஷருக்கு படுக்கேக்க குளிசை போடுற ஆக்கள் அதைக் கண் டொக்டரிட்டயும் சொல்லோணும், ஏனெண்டா ராவில ரத்த பிரஷர் கூடப் பதிஞ்சா கண் நரம்புக்கு ரத்தம் போறது குறையும். நீங்களா குளிசையை நிப்பாட்டிப் போடாதீங்க, சொல்ல மட்டும் சொல்லுங்க.

உவர்மலை அண்ணா, உங்கட கேள்விக்கு. சாதாரணமா 10 துவக்கம் 21 வரைக்கும் சரி எண்டு சொல்லுறது. ஆனா 21க்குக் கீழ எண்டா பயமில்ல எண்டு நினைக்கிறது பிழை, சிலபேருக்கு 15 இருந்தும் நரம்பு பழுதாகும், அதுக்கெண்டே தனி வகை குளுக்கோமா இருக்கு. அதாலதான் ஒவ்வொரு ஆளுக்கும் உங்களுக்கு இவ்வளவுக்குக் கீழ இருக்கோணும் எண்டு டொக்டர் ஒரு நம்பர் வச்சிருப்பார். அப்பான்ர நம்பர் என்ன எண்டு எப்பயாவது கேட்டனீங்களோ? கனபேர் கேக்கிறதே இல்ல.

மற்றது கருவிழித் தடிப்பம். சராசரியா 540 மைக்ரோன் அளவில இருக்கும், அதைவிட மெல்லிசா இருந்தா மெஷின் உள்ள பிரஷரைவிடக் குறைச்சுத்தான் காட்டும். கண்ணாடி வேண்டாம் எண்டு லேசர் செய்த ஆக்களுக்கும் இதே கதைதான். ஒருக்கா அளந்து கொப்பியில எழுதி வச்சாக் காணும்.

கடைசியா நேரம். கண் பிரஷர் நாள் முழுக்க ஒரே அளவில நிக்கிறதில்ல. கனபேருக்கு விடியப்புறத்தில கூட, படுத்திருக்கேக்க இன்னும் கூட. கிளினிக்ல பாக்கிறது காலமை 10, 11 மணிக்கு கதிரையில இருத்தி வச்சு, அதுவும் சில மாசத்துக்கு ஒருக்கா. அந்த 16 பொய்யில்ல, அந்த நிமிசத்துக்கு உண்மை.

ஸ்காபரோ சித்தப்பா:
நானும் உவர்மலைதான் தம்பி, இப்ப கனடா. அந்த மெஷினை நான் பாவிச்சனான், சொந்தமா வாங்கேல்ல, இஞ்ச கிளினிக்ல கொஞ்ச நாளைக்கு இரவல் தந்தவை. எப்பிடி எண்டு சொல்லுறன் கேளுங்கோ.

கையில பிடிக்கிற சாமான். மேல ஒரு கால் நெத்தியில முட்டும், கீழ ஒரு கால் கன்னத்தில முட்டும், ரெண்டையும் எங்கட முகத்துக்கு ஏத்த மாதிரி நீட்டிக் குறைச்சு கிளினிக்ல பிள்ளை ஒராள் செட் பண்ணித் தந்து அந்த அளவையும் எழுதி விட்டவ. நடுவில ஒரு மெல்லிய கம்பி, நுனியில சின்ன பிளாஸ்டிக் குமிழ், ஒவ்வொருக்கா பாக்கவும் புதுசு போடோணும். நேரா பிடிச்சா பச்சை வெளிச்சம், சரிஞ்சா சிவப்பு. பட்டனை அமத்தினா அந்தக் கம்பி டக்கெண்டு வந்து கருவிழியில பட்டுத் திரும்பும், பட்டுத் திரும்புற வேகத்தை வச்சுத்தான் பிரஷரைக் கணிக்குது. மரக்க மருந்து விடத் தேவையில்ல, நோகாது, கண் இமை துடிக்கிற மாதிரி ஒரு கூச்சம் மட்டும். ஆறு தரம் தட்டினாப் பிறகுதான் ஒரு கணக்கு. பழைய மாடல் எங்களுக்கு நம்பரே காட்டாது, டொக்டரிட்ட கொண்டு போய் கொம்பியூட்டர்ல போட்டாத்தான் தெரியும். பேந்து வந்த ரெண்டாவது மாடல்ல படுத்துக் கிடந்தும் பாக்கலாம், முதல் மாடலுக்கு இருந்துதான் பாக்கோணும்.

எனக்கு கிளினிக்ல எப்பவும் 17. வீட்டில விடிய எழும்பின கையோட பாத்தா 25, 26. மத்தியானம் திரும்ப 17. டொக்டர் அந்தக் கிராஃபைப் பாத்திட்டு மருந்தைக் கூட்டாம லேசர் செய்தவர், இப்ப விடியவும் இறங்கியிருக்கு. அதால மெஷின் வீண் எண்டு ஒருத்தர் சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ஆனா எல்லாராலயும் ஏலாது எண்டதும் உண்மை, என்னோட பழகின ஒரு கிழவிக்கு கை நடுக்கம், கடைசி வரைக்கும் பச்சை வெளிச்சம் வரேல்ல, அவவை விட்டிட்டாங்கள்.

வேப்பமரம்:
இதுக்குப் போய் லட்சம் செலவழிக்கிறதோ. முந்தி எங்கட ஆக்கள் நந்தியாவட்டைப் பூச்சாறும் தேனும் விட்டு கண்ணை வச்சிருந்தவை. பிரஷர் பாக்கிறதுக்கும் கண்ணை மூடிட்டு விரலால அமத்திப் பாத்தா தெரியும், கல்லு மாதிரி எண்டா கூட, மெத்தெண்டா சரி.

நிலாவெளி அக்கா:
வேப்பமரம், மரியாதையோட சொல்லுறன், நான் கண் வாட்டில கன காலம் நேர்ஸா இருந்து பென்சன் எடுத்தனான். விரலால அமத்தி டொக்டர்மாரும் பாக்கிறவைதான், ஆனா அதில தெரியிறது 50, 60 எண்டு ஏறிப்போய் கண் இறுகிக் கிடக்கிற கேஸ் மட்டும். 16க்கும் 26க்கும் வித்தியாசம் எந்த விரலுக்கும் தெரியாது. தேன், பூச்சாறு விட்டு கருவிழியில புண் வந்து வந்த ஆக்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறன், அதைத் திரும்ப இஞ்ச எழுதாதேங்கோ. குளுக்கோமாவில போன பார்வை ஒரு மருந்தாலயும் திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாத்திறதுதான் வைத்தியம்.

இனி உவர்மலைத் தம்பிக்கு. மெஷின் கதை பேந்து, முதல்ல பிரிட்ஜைத் திறந்து அப்பான்ர போத்திலை எடுத்துப் பாருங்கோ. லட்டனோப்ரொஸ்ட் 2.5 மில்லி போத்தில், அதில கிட்டத்தட்ட 80 துளி. ரெண்டு கண்ணுக்கும் இரவில ஒவ்வொண்டு எண்டா ஒரு நாளைக்கு ரெண்டு, 40 நாளில காலி. ஆனா ஒரு துளியும் வெளியால சிந்தாம விடுற கிழவர் ஆர் இருக்கினம், கையில பாதி கன்னத்தில பாதி, அதால ஒரு மாசத்திலயே முடியிறதுதான் வழமை. முடியாட்டியும் உடைச்சு நாலு துவக்கம் ஆறு கிழமையில எறியோணும், எந்தக் கம்பனி மருந்தோ அந்தப் பெட்டியில எழுதியிருக்கிற படி. இப்ப கணக்குப் போடுங்கோ. ஒரு போத்தில் ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஓடுது எண்டா மருந்து கண்ணுக்குப் போகேல்ல எண்டுதான் அர்த்தம். இதுக்கு மெஷின் தேவையில்ல, கலண்டரும் பேனையும் போதும்.

ஏன் இதைக் கேக்கிறன் எண்டா நீங்க சொன்ன கதை, கிளினிக்ல நல்ல பிரஷர் ஆனா ஃபீல்ட் குறையுது எண்ட கதை, நான் வாட்டில கண்டு கண்டு சலிச்சது. கிளினிக் வரப்போகுது எண்டா நாலைஞ்சு நாளைக்கு முதலே ஒழுங்கா விடத் துவங்குவினம், அண்டைக்கு 15 வரும், டொக்டரும் சந்தோசம், பிள்ளையளும் சந்தோசம், வீட்ட போன பிறகு மருந்து பிரிட்ஜ்ல தூங்கும். அப்பா அப்பிடி எண்டு நான் சொல்லேல்ல. பாருங்கோ எண்டுதான் சொல்லுறன்.

லென்ஸ்கடை:
அக்கா சொன்னது சரி. திருகோணமலை வெக்கைக்கு இன்னொண்டும் சேக்கிறன். உடைக்காத லட்டனோப்ரொஸ்ட் போத்தில் பிரிட்ஜ்ல இருக்கோணும், உடைச்சது 25 பாகைக்குள்ள வெளியால வைக்கலாம் எண்டு போட்டிருக்கும், ஆனா சித்திரை வைகாசியில எங்கட எந்த அறை 25 பாகையில இருக்கு? அதால உடைச்சதையும் பிரிட்ஜ் கதவில ஒரு சின்ன டப்பாக்குள்ள வைக்கிறது நல்லம், ஐஸ் பெட்டிக்குள்ள மட்டும் வேண்டாம். குளிரா இருந்தா துளி கண்ணுக்குள்ள விழுந்ததா கன்னத்தில விழுந்ததா எண்டு ஆளுக்கே தெரியும், அது ஒரு லாபம். ஓட்டோ டாஷ்போட்ல மருந்துப் பையை வச்சிட்டு டவுன் முழுக்கச் சுத்துற ஆக்களும் இருக்கினம்.

உவர்மலைக்காரன்:
அக்கா, பாத்தன். பொங்கலுக்கு முன்னம் உடைச்ச போத்தில், புத்தாண்டும் முடிஞ்சுது, இன்னும் கால்வாசி கிடக்கு. அதோட உடைக்காத ரெண்டு பெட்டி வேற, எண்டா பாமசியில வாங்கிக் குடுத்ததையே தொடேல்ல. அப்பாட்டக் கேட்டா முதல் கோவம், பிறகு மெதுவாச் சொல்லுறார், விட்டா கண் சிவக்குது, கோயிலுக்குப் போனா ஆக்கள் குடிச்சிருக்கிறியோ எண்டு பாக்கினம், நோகவும் இல்ல பார்வையும் தெரியுது பிறகு என்னத்துக்கு எண்டு. கிளினிக் கிழமையில மட்டும் ஒழுங்கா விடுறாராம். அம்மாக்கும் தெரியும், அவவும் வாய் திறக்கேல்ல.

நிலாவெளி அக்கா:
ஏசாதேங்கோ தம்பி. ஏசினா அடுத்த முறை போத்திலை சிங்குக்குள்ள பிழிஞ்சு காலியாக்கிக் காட்டுவார், அதுவும் கண்டிருக்கிறன். சிவக்கிறது அந்த மருந்துக்கு இருக்கிற குணம்தான், கனபேருக்கு சில கிழமையில குறையும், இமைமயிர் நீளும், கண்ணைச் சுத்தித் தோல் கறுக்கும். தாங்க ஏலாட்டி மாத்திறதுக்கு வேற சொட்டுகள் இருக்கு, லேசர் இருக்கு. ஆனா கிளினிக்ல உண்மையைச் சொல்லோணும். இந்தப் போத்திலையும் உடைக்காத பெட்டிகளையும் அப்பிடியே பையில போட்டுக் கொண்டு போய் மேசையில வையுங்கோ. சொல்லாட்டி டொக்டர் என்ன நினைப்பார், மருந்து விட்டும் ஃபீல்ட் குறையுது, அப்ப ஒப்பரேசன் எண்டு நினைப்பார்.

விடுற முறை: கையைக் கழுவி, அண்ணாந்து, கீழ் இமையை இழுத்து அந்தப் பள்ளத்துக்குள்ள ஒரே ஒரு துளி. ரெண்டாவது துளி விட்டா வழிஞ்சுதான் போகும், கண்ணில இடமில்ல. பிறகு கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால ரெண்டு நிமிசம் அமத்திப் பிடிக்கோணும், இல்லாட்டி மருந்து தொண்டைக்கு இறங்கி உடம்புக்குப் போகும். டிமோலோலுக்கு இது முக்கியம், இழுப்பு இருக்கிற ஆக்களுக்கு மூச்சு முட்டும், நாடித்துடிப்பும் குறையும். அப்பாக்கு இழுப்பு ஏதும் இருந்தா உடன சொல்லுங்கோ. ஒண்டை விட்டா மற்ற மருந்தை விட முதல் அஞ்சு நிமிசம் பொறுக்கோணும். இரவு மருந்தைத் தவற விடாமப் பாருங்கோ, டிமோலோல் நித்திரையில பெரிசா வேலை செய்யாது, விடியக் கூடுற பிரஷரைப் பிடிக்கிறது இரவு விட்டதுதான்.

ஸ்காபரோ சித்தப்பா:
அக்கா சொன்ன பிறகு எனக்கும் மெஷினை வாங்கு எண்டு சொல்ல மனம் வரேல்ல. மருந்தை ஒழுங்கா விட்டு, அதுக்குப் பிறகும் ஃபீல்ட் குறைஞ்சா அப்ப யோசியுங்கோ. வாங்கினாலும் அந்த நம்பரைப் பாத்து நீங்களே மருந்தைக் கூட்டிக் குறைக்கிறது இல்ல, எழுதி வச்சுக் கொண்டு போய்க் காட்டுறதுக்குத்தான். 24 மணித்தியாலமும் கண்ணில போட்டிருக்கிற கொன்டாக்ட் லென்ஸும் சுவிஸ்காரர் செய்திருக்கினம், அதுக்கு 2016ல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது, ஆனா அது பிரஷர் நம்பரைக் காட்டாது, எப்ப ஏறுது இறங்குது எண்டு மட்டும்தான்.

மூதூர் மகள்:
நான் வேற ஒண்டு சொல்லோணும், இந்த இழையில எல்லாரும் நோகாத குளுக்கோமா பற்றியே கதைக்கிறீங்க. எங்கட அம்மாக்கு வந்தது மற்ற வகை. ராவு ஒரு பக்கத் தலையிடி, சத்தி, கண் சிவந்து, பல்ப்பைப் பாத்தா சுத்தி வானவில் வட்டம் தெரியுது எண்டு சொன்னா. முதல் காட்டின இடத்தில கேஸ்ட்ரிக் எண்டு குளிசை தந்து அனுப்பிட்டாங்க. விடியிறதுக்குள்ள அந்தக் கண்ணில கை அசைக்கிறது மட்டும்தான் தெரிஞ்சுது. பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி, பிரஷரை இறக்கி, லேசரால கருவிழிக்குப் பின்னால இருக்கிற திரையில சின்ன ஓட்டை போட்டாங்க, மற்றக் கண்ணுக்கும் முற்காப்பா போட்டாங்க. இந்த வகை ஆசியா ஆக்களுக்கு, அதுவும் வயசான பொம்பிளையளுக்குக் கூடவாம். இதுக்கு வீட்டில நம்பர் பாத்துக்கொண்டு நிக்கிறதில்ல, உடன ஓடோணும். தடிமன் குளிசை, அலேர்ஜி குளிசை சிலது இதைக் கிளப்பி விடும், ஒடுக்கமான கோணம் (கண்ணுக்குள்ள தண்ணி வடியிற மூலை ஒடுங்கினது) எண்டு டொக்டர் சொன்ன ஆக்கள் பாமசியில அதைச் சொல்லித்தான் மருந்து வாங்கோணும்.

கிண்ணியா மச்சான்:
அல்லாஹ் காப்பாத்தோணும். தங்கச்சி எழுதினதை உம்மாக்கும் வாசிச்சுக் காட்டினன். எங்கட வாப்பா நோன்பில பகல் சொட்டை நிப்பாட்டிடுவார், நோன்பு முறிஞ்சிடும் எண்டு. பள்ளியில மௌலவிட்டக் கேட்டம், கண்ணில விடுறதால முறியாது எண்டு தெளிவாச் சொன்னார், இப்ப விடுறார். இன்னொரு கேள்வி, நோன்பு துறந்த உடன ஒரு போத்தில் தண்ணியை ஒரே மூச்சில குடிக்கிறவர், அது பிரச்சினையோ?

லென்ஸ்கடை:
நல்ல கேள்வி. ஒரு லீட்டர் தண்ணியைக் கொஞ்ச நேரத்தில குடிச்சா கண் பிரஷர் ஏறும், அதை வச்சே ஒரு ரெஸ்ட் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா குடிக்கச் சொல்லுங்க, தண்ணியைக் குறைக்கச் சொல்லேல்ல. யோகாவில தலைகீழா நிக்கிறதும் ஏத்தும். ஸ்டீரொய்ட் சொட்டு கண் கடிக்குது எண்டு சொந்தமா வாங்கி விடுறது எல்லாத்தையும் விட மோசம், ஸ்டீரொய்ட் உள்ள இழுப்பு பம்ப், பூசுற கிறீம் எண்டாலும் கன நாள் பாவிச்சா கண் டொக்டருக்குத் தெரியோணும்.

பார்வையை வீட்டில பாக்கிறது எண்டா, ஒரு கண்ணை முழுசா மூடி மற்றக் கண்ணால சுவர்ல ஒரு புள்ளியைப் பாத்துக்கொண்டு, சுத்திவர இருக்கிற கலண்டர், மணிக்கூடு, கதவு மூலை எல்லாம் தெரியுதா எண்டு மாசத்துக்கு ஒருக்கா அதே கதிரையில இருந்து பாக்கலாம். ரெண்டு கண்ணையும் திறந்து வச்சா ஒண்டில விட்ட இடத்தை மற்றது நிரப்பும், ஒண்டும் தெரியாது. இது முத்தின குறையைத்தான் காட்டும், ஃபீல்ட் ரெஸ்டுக்குப் பதிலில்ல. ஐபேட்ல செய்யிற மெல்போர்ன் ரெப்பிட் ஃபீல்ட்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, பரவாயில்ல. வாட்ஸப்ல வாற கட்டம் போட்ட படம் குளுக்கோமாவுக்கு இல்ல, அது விழித்திரை நடுப்பகுதிக்கு.

உவர்மலைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மச்சானுக்கு மெஷின் வேண்டாம் எண்டு சொல்லிட்டன், போத்தில்ல கொழுவி நேரா துளி விழ வைக்கிற பிளாஸ்டிக் பிடி ஒண்டு இருக்காம், அதைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறன், அப்பாக்கு விரல் மூட்டு நோ. இரவுச் செய்தி முடிய அம்மாதான் விட்டு விடுறா, கலண்டர்ல கோடு போடுறது அப்பா. சிவப்புக்கு மாத்து மருந்து கேக்க அடுத்த செவ்வாய் கிளினிக், பையோட போறம்.

நிலாவெளி அக்கா:
நல்லம். உங்களுக்கு 40 தாண்டிட்டா? பெத்த ஆக்களுக்கு இருந்தா பிள்ளையளுக்கும் கூடப் பிறந்த ஆக்களுக்கும் வாற வாய்ப்புக் கூட. செவ்வாய் போற கையோட உங்கட கண்ணையும் ஒருக்கா காட்டுங்கோ.

உவர்மலைக்காரன்:
42 அக்கா. சரி, நம்பர் எடுக்கிறன்.

கடல்காத்து:
பிந்தி வாறன், மன்னிக்கோணும். எனக்கும் குளுக்கோமா, சொட்டு விடுறன், ஒப்பரேசன் செய்யேல்ல. வாற மாசம் ஒஃபிஸ் ஆக்களோட புறாத்தீவுக்கு ஸ்நோர்க்லிங் போறம். போகலாமோ?

லென்ஸ்கடை:
நீந்தப் போடுற சின்னக் கொகிள்ஸ் கண் குழியைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கும், அது போட்டிருக்கிற நேரத்துக்கு பிரஷரை ஏத்தும், அதை விடுங்க. மூக்கையும் சேர்த்து மூடுற பெரிய மாஸ்க் நெத்தியிலயும் கன்னத்திலயும் தான் அமரும், அது பரவாயில்ல, பட்டியைக் கொஞ்சம் தளத்திப் போடுங்க. ஒப்பரேசன் செய்த ஆக்கள் எண்டா டொக்டரைக் கேக்காம தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. போட்டில கொண்டு போற பையில சொட்டை வெயில்ல வச்சிடாதீங்க.